ஆறட்டும்

மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் மாதம், ராத்திரி பத்து மணிக்கு மேல் படிக்கும்போது பசிக்கிறது என்றாள். அந்த நேரத்தில் அங்கே கிடைப்பது சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும்தான். தோழி ஒருத்தி கடையில் வாங்கிவந்த கிரானோலாவைத் தின்று பார்த்திருக்கிறாள். பிடித்துப்போய்விட்டது. மாதம் முழுக்க வாங்கிக் கட்டுப்படியாகாது. “வீட்லயே செய்யலாமாம்மா. ரொம்ப ஈஸியாம்” என்றாள். செய்தேன். சுலபம்தான். ஆனால் அந்தச் சுலபமான பண்டத்துக்குள் கடினமான காரியம் ஒன்று இருக்கிறது. அதைக் கற்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று கப் ஓட்ஸ். தண்ணீர் பட்டதும் கரையும் பொடி ஓட்ஸ் வேண்டாம். தட்டையாக, முழுசாக இருப்பது வேண்டும். உடைத்த முந்திரி, பாதாம், வேர்க்கடலை சேர்ந்து ஒரு கப். பூசணி விதை, வெள்ளை எள் சேர்ந்து அரை கப். கால் கப்புக்குச் சற்று அதிகமாகத் தேங்காய் எண்ணெய், அதே அளவு தேன். அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பட்டைத் தூள். எண்ணெயையும் தேனையும் இளஞ்சூட்டில் கலந்து ஊற்றி, எல்லாவற்றிலும் படும்படி பிசறி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஓவனில் 150 டிகிரியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை கிளறிவிட்டால் போதும். தேனுக்குப் பதில் வடிகட்டிய வெல்லப் பாகு ஊற்றலாம். நான் இப்போது ஓட்ஸில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் சிவப்பு அவல் போடுகிறேன். இரண்டும் ஒரே ஜாதிப் பண்டம். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல். உமி நீக்கிய ஓட்ஸ் மணியை ஆவியில் வைத்து உருளைகளுக்கு நடுவே நசுக்கினால் நாம் வாங்கும் ஓட்ஸ். நம் கைக்கு வருமுன்பே இரண்டும் ஒரு தடவை சூடு கண்டவை.

முதல் நாள் அரை மணி நேரம் முடிந்ததும் தட்டை வெளியே எடுத்தேன். நிறம் சரியாக வந்திருந்தது. பட்டை வாசனை கூடம்வரை போயிருந்தது. ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டேன். மெத்தென்று இருந்தது. மகள் சொன்னது மொறுமொறுவென்று இருக்கும் பண்டம்; இது நீர் தெளித்த அவல் மாதிரி இருந்தது. வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளினேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், மெத்து மாறவில்லை. இன்னொரு பத்து நிமிடம். அப்போது எள் கருகும் வாடை வந்துவிட்டது. எள் கருகினால் அந்தக் கசப்பு தட்டு முழுவதும் ஏறிவிடும். பொறுக்கி எடுக்க முடியாது. தட்டை அப்படியே மேடைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டுவதற்காக எடுத்தபோது தகடு தகடாக உடைந்தது. அத்தனையும் மொறுமொறுப்பு. அதாவது நான் முதலில் எடுத்தபோதே அது வெந்து முடிந்திருந்தது. அதற்கு வேண்டியிருந்ததெல்லாம் ஆறுவதற்குக் கொஞ்ச நேரம். நான் அதைக் கொடுக்கவில்லை.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று பழமொழி சொல்கிறோம். கடைசி நேரத்தில் அவசரப்படுகிறவனைக் குத்திக்காட்டத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். அன்றைக்கு அந்தக் கருகிய தட்டின் முன் நின்றபோது, அந்தப் பழமொழியைச் சொன்னவர் அடுப்படியை நன்றாகப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆக்குவது நெடுநேரம், ஆறுவது சிறிது நேரம். இருந்தும் நீண்டதைப் பொறுக்கிறோம், சிறியதைப் பொறுக்க மாட்டேன் என்கிறோம். ஏன் அப்படி? ஆக்கும்போது கைக்கு வேலை இருக்கிறது. கிளறுகிறோம், முகர்கிறோம், தீயைக் குறைக்கிறோம், உப்புப் பார்க்கிறோம். நம்மால்தான் நடக்கிறது என்ற நினைப்பு நம்மைத் தாங்குகிறது. ஆறும் நேரத்தில் நமக்கு வேலை கிடையாது. அது தானாக நடக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு எப்போதுமே கஷ்டமான காரியம்.

இந்தப் பாடத்தை நான் புதிதாகக் கற்றிருக்க வேண்டியதே இல்லை. நான் வளர்ந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் ஊர். அங்கே கடலை மிட்டாய் போடுவதைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் வளராது. 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி சந்தோஷப்பட்டார்கள். மானாவாரிக் கரிசலில் விளையும் கடலை, தாமிரபரணித் தண்ணீர், வெல்லம். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மிட்டாய்ப் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அங்கே போய் நின்றுகொள்வேன். வெல்லப் பாகு கொதிக்கும். கரண்டியிலிருந்து ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டிப் பதம் பார்ப்பார். பதம் வந்ததும் வறுத்து உடைத்த கடலையைக் கொட்டிக் கிளறி, சட்டத்தில் பரப்பி, கட்டையால் உருட்டிச் சமமாக்கி, சூடு இருக்கும்போதே கோடு இழுத்து வெட்டுவார். மேலே கலர் போட்ட தேங்காய்ப் பூ. நான் கையை நீட்டுவேன். “பொறு தாயி. இப்பத் தின்னா பல்லுல இழுக்கும். ஆறட்டும், அப்பத்தான் அது மிட்டாயி” என்பார்.

ஆறினால்தான் மிட்டாய். எட்டு வயதில் காதால் கேட்டதை நாற்பத்தெட்டு வயதில் ஒரு தட்டு ஓட்ஸைக் கருக்கிய பிறகு நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதற்கு அறிவியலில் தெளிவான காரணம் இருக்கிறது. பாகில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகள் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஓவனில் இருக்கும் நேரத்தில் நீர் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடுகிறது. வெளியே எடுத்து ஆறவிடும்போது ஓட்டம் மெல்ல மெல்லத் தளர்ந்து, மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொள்ள வழியில்லாமல் நின்ற இடத்திலேயே இறுகிவிடுகின்றன. இதற்குக் கண்ணாடி நிலை என்று பெயர். ஜன்னல் கண்ணாடி இருப்பதும் இப்படித்தான். கல்கண்டு வேறு வகை: அங்கே சர்க்கரை நாள்கணக்கில் நிதானமாக அடுக்கிக்கொண்டு படிகமாக வளர்கிறது. கடலை மிட்டாயும் கிரானோலாவும் கண்ணாடி. நாம் மொறுமொறுப்பு என்று சொல்லும் அந்த ஓசை, மெல்லிய கண்ணாடித் தகடு பல்லுக்கிடையில் உடையும் ஓசை. 150 டிகிரியில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அந்தப் பாகு கண்ணாடியாகாது; கருகத்தான் செய்யும். தீ நீரைப் போக்கித் தருகிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. உருவம் கிடைப்பது தீ அணைந்த பிறகு.

இதை அறிந்துகொண்ட பிறகு கிரானோலா எங்கே பிறந்தது என்று தேடிப் படித்தேன். வியப்பாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் டான்ஸ்வில் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்பவர் நீர் சிகிச்சை நிலையம் நடத்திவந்தார். அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். தானே நெடுங்காலம் நோயாளியாக இருந்து, நீர் சிகிச்சையால் தேறி, பிறகு மற்றவர்களுக்கு அதைச் செய்ய வந்தவர். 1863இல் அவர் தவிடு நீக்காத கோதுமை மாவைப் பிசைந்து தகடாகச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு, நோயாளிகளுக்குக் காலை உணவாகக் கொடுத்தார். கிரானுலா என்று பெயர் வைத்தார். இரவே ஊறப்போட்டால்தான் காலையில் மெல்ல முடியும், அவ்வளவு கடினம். பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் சிகிச்சை நிலையம் நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், கோதுமையோடு ஓட்ஸும் மக்காச்சோளமும் சேர்த்து அதே மாதிரி ஒன்றைச் செய்து, பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டார். ஜாக்சன் தரப்பு சட்டப்படி எதிர்க்கவும், 1880களில் கிரானுலா கிரானோலா ஆயிற்று. 1900ஐ ஒட்டி சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மருத்துவர் பிர்ச்சர் பென்னர் துருவிய ஆப்பிளோடு ஊறவைத்த ஓட்ஸும் பருப்பும் கலந்து மூஸ்லி கொடுத்ததும் தம்மிடம் வந்த நோயாளிகளுக்குத்தான். இன்றைக்கு நாம் செய்யும் தேன் பூசிய மொறுமொறுப்பான வகை அறுபதுகளின் கடைசியில் அமெரிக்க இளைஞர்களிடையே பரவியது. 1969 வுட்ஸ்டாக் இசைவிழாவில் பசித்த கூட்டத்துக்குக் காகிதக் கோப்பைகளில் இதைப் போன்ற கலவையை வழங்கினார்கள். அது பிற்காலக் கதை. தொடக்கம் மூன்று சிகிச்சை நிலையங்களில். உடம்பு தேற வேண்டும் என்று வீட்டை விட்டு வந்து தங்கியிருந்தவர்களின் தட்டில் பிறந்த உணவு இது.

இரண்டாவது தடவை நான் கருக்கவில்லை. அரை மணியில் எடுத்தேன், நிறம் சரி, ஆறவும் விட்டேன். ஆனால் கோயம்புத்தூர் போகிற உறவினர் வாசலில் நின்றார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தட்டின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு இருந்தது. இந்த அளவு சூடு ஒன்றும் செய்யாது என்று டப்பாவில் கொட்டி மூடிக் கொடுத்தனுப்பினேன். உலர் திராட்சையும் நறுக்கிய பேரீச்சையும் அதோடேயே கலந்திருந்தேன். மூன்றாம் நாள் மகள் கூப்பிட்டாள். “நமத்துப்போச்சும்மா. வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா வாயில போட்டா சவசவன்னு இருக்கு.”

நடந்தது இதுதான். சூடான பண்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆவி வந்துகொண்டிருக்கிறது. மூடினால் அது போக இடமில்லை. மூடியில் பட்டுக் குளிர்ந்து நீராகி மறுபடி பண்டத்துக்குள்ளேயே இறங்குகிறது. நீர் புகுந்ததும் இறுகி நின்ற சர்க்கரை மூலக்கூறுகள் மறுபடி நெகிழ்கின்றன. கண்ணாடி திரும்பவும் பாகாகிறது. பழமும் தன் பங்குக்கு நீர் விட்டிருக்கிறது. உலர் திராட்சை என்று சொன்னாலும் அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு நீர் இருக்கும்; வறுத்த ஓட்ஸில் மிகமிகக் குறைவு. ஒரே டப்பாவில் மூடி வைத்தால் நீர் பழத்திலிருந்து ஓட்ஸுக்கு நடந்துவிடும். ஓட்ஸ் சவசவக்கும், பழம் தோலாகும், இரண்டும் கெடும். அதனால் இப்போது பழத்தை வேறு டப்பாவில் அனுப்புகிறேன். தின்னும்போது கலந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஆறு என்ற வினைச்சொல்லைப் பற்றி அந்த நாள்களில் நிறைய யோசித்தேன். சோறு ஆறுகிறது, பால் ஆறுகிறது. புண் ஆறுகிறது. சினம் ஆறுகிறது. மனம் ஆறுகிறது. துக்க வீட்டுக்குப் போய் நாம் சொல்லிவிட்டு வருவதும் ஆறுதல். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்துக்கும் மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. சூட்டில் இருப்பவை எல்லாம் ஒரே விதமாகத்தான் தணியும் என்று கண்டவர்கள் இந்தச் சொல்லை இப்படி விரித்திருக்கிறார்கள். காபி ஆற்றுகிறவர்களைப் பாருங்கள். டம்ளரையும் டவராவையும் எட்ட எட்டப் பிடித்து, மேலிருந்து கீழே நீளமாக ஊற்றுகிறார்கள். ஆற்றுவது என்றால் காற்றில் படவைப்பது. திறந்து வைப்பது. மூடிய பாத்திரத்துக்குள் எதுவும் ஆறுவதில்லை. சூடு மெல்ல இறங்கும், அது உண்மை. இறங்கிய பிறகு உள்ளே ஈரம் நிற்கும்.

இதை நான் ஓட்ஸைப் பற்றி மட்டும் எழுதவில்லை என்பது வாசிக்கிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

மகள் விடுதிக்குப் போன அதே ஆண்டில்தான் எனக்கும் தம்பிக்கும் ஊர் வீட்டை வைத்துப் பேச்சு வந்தது. அவன் பெங்களூரில் இருக்கிறான். அப்பா போன பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். விற்றுவிட்டு அம்மாவை யாராவது ஒருவர் கூட்டிக்கொள்வோம் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. அப்பா கையால் நட்ட வேம்பு, அந்தத் திண்ணை, எல்லாம் கண்முன் வந்து நின்றன. போனில் ஒரு சொல் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். மகன் என்று பிறந்த எவனும் தன் அக்காவிடமிருந்து கேட்கக் கூடாத சொல். அவன் போனை வைத்துவிட்டான்.

எட்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் பெரியவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து, “அக்கா தம்பிக்குள்ள என்ன, விடுங்கப்பா” என்றார்கள். “சரிக்கா, விடு” என்றான். “விடுடா” என்றேன். சேர்ந்து பந்தியில் உட்கார்ந்தோம். பார்த்தவர்கள் எல்லாருக்கும் சந்தோஷம். தீபாவளிக்குப் போன் செய்தான். நான் பொங்கலுக்குச் செய்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்றா, பொங்கல் பொங்கிற்றா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. குரலில் அன்பின் வாசனை இருந்தது. ஆனால் முன்பு எங்களுக்குள் இருந்த அந்தக் கலகலப்பு, ஒருவரையொருவர் வம்புக்கிழுத்துச் சிரிக்கும் அந்த உரிமை, இல்லை. மகள் நமத்துப்போச்சு என்று சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு அந்த உறவுக்கும் சரியான சொல் கிடைத்தது. வெதுவெதுப்பு இருக்கும்போதே மூடிவிட்டோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டப்பாவை மூடிய மாதிரி, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று மூடினோம். ஆவி உள்ளேயே நின்றுவிட்டது.

காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. திறந்து வைத்ததைக் காலம் ஆற்றுகிறது. மூடி வைத்ததை நமத்துப்போகச் செய்கிறது. பேசாமல் விட்டதை நாம் பொறுமை என்று நினைத்துக்கொள்கிறோம். பொறுமை, தட்டைத் திறந்தபடி மேடையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருப்பது. பார்த்தால் கண் உறுத்தும். தொட்டுப் பார்க்கத் தோன்றும். எடுத்து வைத்து மூடிவிட்டால் மேடை சுத்தமாக இருக்குமே என்று தோன்றும். அப்படியெல்லாம் செய்யாமல் இருப்பது.

பழத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழத்தை ஓவனில் வைக்கவே கூடாது; எல்லாம் வெந்து வெளியே வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். ஏன் என்பதை நான் ஒரு தடவை செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: திராட்சை உப்பி, கருத்து, கல்லாகி, கசந்தது. அது ஏற்கெனவே தன் பங்குச் சூட்டைப் பட்டு முடித்துவிட்ட பண்டம். திராட்சைப் பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ உலர் திராட்சை தேறும். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைப் பெரும்பாலும் பழமாகவே தின்றுவிடுகிறோம். கடையில் கிஸ்மிஸ் என்று வாங்குவது பெரிதும் மகாராஷ்டிரத்தின் நாசிக், சாங்லி பக்கமும் கர்நாடகத்தின் விஜயபுரா பக்கமும் காயவைத்தது. பந்தல் நிழலில், அடுக்கடுக்கான வலைகளில், ஏறக்குறைய இரண்டு வாரம் காற்றில் கிடந்து அது அப்படி ஆகிறது. வெளியிலிருந்து ஒரு துளி இனிப்பும் யாரும் சேர்ப்பதில்லை. நீர் போகப் போக, இருந்த இனிப்பே நெருக்கமாகிறது. அவ்வளவும் இழந்து இனிப்பை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதைத் திரும்பவும் தீயில் வைப்பது கொடுமை.

அம்மாவுக்கு 76 வயது. நானும் தம்பியும் பேசாமல் இருந்த அந்த எட்டு மாதமும் இரண்டு பேரும் தனித்தனியாக அம்மாவிடம் பேசினோம். நான் சொன்னதை அவளிடம் முறையிடுவான். அவன் சொன்னதை நான் முறையிடுவேன். யார் பக்கம் நியாயம் என்று சொல்லச் சொல்லி அவளை நெருக்கினோம். பதினெட்டு வயதில் அந்த வீட்டுக்கு வந்து, பஞ்சம் பார்த்து, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, கட்டியவரையும் அனுப்பிவைத்துவிட்டு, மிச்சமிருக்கிற பிரியத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். “என்னைய நடுவுல போட்டு வதைக்காதீங்க தாயி” என்று ஒரு தடவை சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. கருகிய திராட்சை ஒன்றை வாயில் போட்டுத் துப்பிய நாளில் அந்தக் குரல் திரும்பக் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கருகியதற்கு வழி கிடையாது. அதை உறுதியாகச் சொல்லிவிடலாம். எத்தனை தேன் விட்டாலும் கசப்பு மறையாது, கொட்டத்தான் வேண்டும். நமத்துப் போனதற்கு வழி உண்டு. மகள் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அந்த டப்பாவைப் பாதிக்கு மேல் மிச்சத்தோடு கொண்டுவந்திருந்தாள். பழத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து எடுத்தேன். புதிதாக நிறம் ஏறாத அளவு இளஞ்சூடு. புகுந்த நீர் போய்விட்டது. இந்தத் தடவை ஒரு மணி நேரம் திறந்தே வைத்தேன். பழைய மொறுமொறுப்பு வந்துவிட்டது. மகள் நின்றபடியே இரண்டு கைப்பிடி தின்றாள். (ஒரு கைப்பிடி போதும் என்று இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். 100 கிராமில் 450 கலோரிக்குக் குறையாது. பசிக்குத் தின்ன வேண்டிய பண்டம், பொழுதுபோகத் தின்பதற்கு அல்ல.)

அடுத்த வாரமே பெங்களூருக்கு ரயில் ஏறினேன். தம்பி வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். மூடி வைத்ததை நானே திறந்தேன். அன்றைக்குச் சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லி, இதைச் சொன்னேன், தப்பு என்றேன். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. மறக்கலை” என்றான். அதற்குப் பிறகு வீட்டைப் பற்றி, அப்பாவைப் பற்றி, நான் மகள் என்பதால் எனக்குக் கிடைக்காதவை பற்றி, அவன் மகன் என்பதால் அவன் தலையில் விழுந்தவை பற்றி, விடியும்வரை பேசினோம். சண்டையும் வந்தது. எதையும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யலாமா என்று அவன் கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். “ஆறட்டும்டா.”

ஆறு மாதம் அப்படியே கிடந்தது. வாரம் ஒரு தடவை பேசுவோம், வீட்டைப் பற்றியும் பேசுவோம், மூடவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அவனே கூப்பிட்டான். “அம்மா இருக்கிற வரைக்கும் வீடு இருக்கட்டும்க்கா. கூரையை மட்டும் மாத்திருவோம். பாதி நான், பாதி நீ.” அம்மாவிடம் அவனே சொன்னான். அவள், “அடுத்த மழைக்கு முன்னால மாத்துங்க” என்று மட்டும் சொன்னாளாம். அன்றைக்குப் போனில் நான் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் எனக்கும் தம்பிக்கும் இடையே இன்னமும் கிடக்கிறது. மன்னித்துவிட்டான். ஆனாலும் அது கருகியது, கருகியதாகவே இருக்கும். எனக்கு அது தெரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு தட்டு போட்டிருக்கிறேன். ஒன்று மகளுக்கு, ஒன்று தம்பிக்கு. அவனுடைய தட்டில் எள் கொஞ்சம் தூக்கல், அவனுக்கு அது பிடிக்கும். உலர் திராட்சையும் பேரீச்சையும் தனித்தனிக் குட்டி டப்பாக்களில் தயாராக இருக்கின்றன. பெரிய டப்பாக்களைக் கழுவித் துடைத்து வெயிலில் கவிழ்த்திருக்கிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. தட்டுகளை எடுத்து இருபது நிமிடம் ஆகிறது. அடியில் கை வைத்துப் பார்த்தேன், இன்னும் சூடு இருக்கிறது.